கோழிக் காசும் காணிக்கை உறையும்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் ஒரு அக்கா என்னிடம் ஒரு கடித உறையைத் தந்து, சபைப் பொருளாளரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அந்த உறை பதினொரு நாட்கள் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. அதனால் நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கின்றேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு முட்டைக் கோழி, தையல் இயந்திரம், வீட்டுத்தோட்ட விதை என்று கொடுப்பதும், கொடுத்தவை என்ன ஆயின என்று மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் குழுவின் செயலாளர். இந்த அக்கா என் பயனாளி. எங்கள் சபையின் அங்கத்தவரும்கூட. வேலை நாளில் என்னை “மிஸ்” என்பார். கோயிலில் கண்டால் “பிள்ளை” என்பார். அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே நான் மிஸ்.

பத்துக் கோழிகள் கொடுத்திருந்தோம். கூட்டில் நான்குதான் நின்றன. மிச்சம் எங்கே என்று நான் கேட்க முன்னரே அவர் உள்ளே போய் உறையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“மிஸ், இதுக்குள்ள ஐயாயிரம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பொருளாளரிட்டக் குடுத்து விடுங்கோ. ரசீதை மறக்காமல் வாங்கித் தாங்கோ.”

ஆறு கோழிகள் ஐயாயிரம் ரூபாவாக மாறி என் கையில் இருந்தன. அடுத்த கையில் படிவம். அதிலே மூன்று கூடுகள்: உயிருடன் உள்ளது, இறந்தது, விற்கப்பட்டது. அரைவாசிக்கு மேல் விற்றவர்களுக்கு இரண்டாம் கட்ட உதவி கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. இப்படியான வேளைகளில் ‘நோயில் இறந்தது’ என்று எழுதிவிடுவது எங்கள் துறையில் நடக்காத ஒன்றல்ல. இரக்கத்தினால்தான் அப்படி எழுதுகின்றோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். அன்று நான் எந்தக் கூட்டையும் நிரப்பவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

ஏன் விற்றார்? மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகி இருந்தது. வைகாசியில் கோயிலில் தாலி கட்டு. அதற்குச் சபையிலிருந்து கடிதம் வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் சந்தா நிலுவை இருக்கக்கூடாது. மாதம் இருநூறு ரூபாப் படி இருபத்தைந்து மாத நிலுவை, ஐயாயிரம் ரூபா.

இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2023ஆம் ஆண்டு கோயில் கூரை ஒழுகியபோது, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் சந்தா கட்டாதவர்கள் நிலுவையைத் தீர்த்த பின்னரே திருமணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ கடிதம் பெறலாம் என்று சபைக் குழுவில் தீர்மானம் வந்தது. ஒன்பது பேர் இருந்த கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் பெண்கள். குறிப்பு எழுதியவள் நான். ஆதரவாகக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. விதவைகளுக்கு மட்டும் அரைச் சந்தா என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவளும் நான்தான். அந்த ஒரு வரிக்காக அன்று இரவு திருப்தியோடு படுத்தது இப்போதும் நினைவிருக்கின்றது.

“அக்கா, உங்களுக்கு அரைச் சந்தாதானே? இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டினால் போதுமே” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அரைச் சந்தா எண்டால் அந்தப் புத்தகத்தில ‘விதவை’ எண்டு போட்டிருக்கிற இடத்தில நான் கையெழுத்து வைக்கவேணும் மிஸ். அவர் செத்தவர் எண்டு எனக்கு ஆர் சொன்னது? நான் முழுக் காசையும் கட்டிப்போட்டுப் போறன்.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதை அவர் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே! 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி மாத்தளனில் சனம் நீரேரியைக் கடந்து போன அந்த நெரிசலில்தான் என் அப்பாவைத் தவறவிட்டோம். அப்போது எனக்குப் பதினேழு வயது. உடலைக் கண்டவர் இல்லை. உயிரோடு கண்டவரும் இல்லை. 2010ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்தின்படி, போரில் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். கிராம அலுவலர் நல்ல மனதோடு படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். அம்மா அதை மடித்துக் குசினித் தட்டில் வைத்தவர்தான், இன்றுவரை எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தவர் என்று சொல்லாமலே பெறக்கூடிய ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் பெறுவதற்கு மாத்திரம் அம்மா சம்மதித்தார். அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே இறந்தவருக்கும் காணாதவருக்கும் வெவ்வேறு இடம் வந்துவிட்டது. எங்கள் சபைப் பதிவேட்டில் வரவில்லை. அந்தப் பதிவேட்டை எழுதுபவள் நான். அம்மாவின் சந்தாவை நானே மாதாமாதம் கட்டிவிடுவதால், அந்தக் கூட்டில் கையெழுத்து வைக்கச் சொல்லி அம்மாவை யாரும் கேட்டதில்லை. வீட்டில் காசு இருந்தால் சில கேள்விகள் வாசற்படிக்கே வருவதில்லை.

அந்த ஞாயிறு பொருளாளர் கோயிலில்தான் இருந்தார். நான் உறையைக் கொடுக்கவில்லை. பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்து ரசீதைக் கேட்டார். “பொருளாளரைக் காணேல்லை அக்கா, அடுத்த கிழமை குடுக்கிறன்” என்றேன். இது பொய்தான். படிவத்தில் பொய் எழுதக்கூடாது என்று வெள்ளிக்கிழமை பேனையை மூடியவள், ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

மாசி முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வன்னியில் பெரும்போக நெல் வெட்டும் காலம். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அழகான நாள் என்று. பீடத்துக்கு முன்னால் புது நெல்லு மூட்டை, பூசணிக்காய், வாழைக்குலை, இளநீர்க் குலை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக்காய்க் கட்டு, கடகத்தில் முட்டை, ஒரு பக்கத்தில் காலில் கயிறு கட்டிய சேவல். அந்தச் சேவல் பிரசங்கத்துக்கு நடுவில் கூவும், சின்னப் பிள்ளைகள் சிரிக்கும், போதகரும் சிரிப்பார். ஆராதனை முடிந்ததும் ஏலம். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் இருந்தால் ஒரு தேசிக்காய் மூவாயிரத்துக்கும் போகும். 2010இல் முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த புதிதில் இதே இடத்தில் தறப்பாளின் கீழ் நாங்கள் பண்டிகை வைத்தபோது பீடத்தில் இருந்தவை நிவாரண மாவும் பருப்பும். அன்று ஏலம் இல்லை. கொண்டுவந்ததையே சமைத்து, சைவமோ வேதமோ என்று கேட்காமல் றோட்டால் போனவர்களுக்கும் கொடுத்தோம். அந்தச் சபையை நான் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் இதை எழுதுகின்றேன்.

ஏலத்துக்கு முன்னர் இன்னொரு வழக்கம் உண்டு. வருடத்துக்குரிய சந்தாவும் காணிக்கையும் பெயர் பெயராக வாசிக்கப்படும். இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு, இன்னார் நிலுவை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ரொபேட் மேர்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் சொன்ன ஒரு பாகுபாட்டைப் படித்தோம். ஒரு வழக்கத்துக்கு வெளிப்படையான தொழிற்பாடு ஒன்று இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்லாத மறைவான தொழிற்பாடு இன்னொன்று இருக்கும். பெயர் வாசிப்பதன் வெளிப்படையான நோக்கம் கணக்குச் சுத்தம். அது நல்ல நோக்கம். பொதுப் பணத்தை மூடி வைத்தால் என்ன நடக்கும் என்று எமக்குத் தெரியும். மறைவில் நடப்பது என்ன? யார் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடுகின்றது. சென்ற பண்டிகையில் தன் பெயருக்குப் பின்னால் ‘நிலுவை’ என்று வாசித்தபோது பின்வாங்கிலில் இருந்த இந்த அக்கா தலையில் போட்டிருந்த முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன். ஆம், வாசித்தவளும் நான்தான்.

அன்று பிரசங்கம் ஏழை விதவையின் இரண்டு காசு பற்றியது. அறுப்பின் பண்டிகை என்றால் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் செல்வந்தர்கள் நிறையப் போட்டார்கள். ஒரு விதவை தன்னிடமிருந்த இரண்டு சிறு காசையும் போட்டாள். எல்லோரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னார். ஞாயிறு பாடசாலையில் அந்த இரண்டு காசையும் வட்டமாகக் கீறி நிறம் தீட்டியிருக்கின்றேன். ஆகவே நாமும் உள்ளதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கம் முடிந்தது. கைப்பைக்குள் உறை இருந்தது. நான் வேதாகமத்தைத் திறந்து அந்தப் பகுதிக்குச் சற்று மேலே வாசித்தேன்.

மாற்கு 12ஆம் அதிகாரத்தில், அந்த விதவை வருவதற்குச் சற்று முன்னர் இயேசு வேறொன்றைச் சொல்கின்றார். நீண்ட அங்கியோடு திரிந்து, சந்தையில் வணக்கத்தையும் ஜெப ஆலயத்தில் முன்னிருக்கையையும் விரும்பி, நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகின்ற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள் என்கின்றார். அதற்கு அடுத்த காட்சியே காணிக்கைப் பெட்டியும் அந்த விதவையும். அதற்கும் அடுத்த காட்சியில், ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து வியந்த சீடரிடம், இவற்றில் ஒரு கல்லும் மற்றொரு கல்லின்மேல் இராது என்கின்றார். வீட்டை விழுங்குபவர்கள், கடைசிக் காசையும் போடும் விதவை, இடிந்து விழப்போகும் ஆலயம், எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. நாங்கள் நடுவில் உள்ள நாலு வசனத்தை மாத்திரம் வெட்டி எடுத்துப் பண்டிகைக்கு வாசிக்கின்றோம். லூக்கா சுவிசேஷத்தில் நிலைமை இன்னும் மோசம். வீடுகளை விழுங்குவது 20ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம்; விதவையின் காசு 21ஆம் அதிகாரத்தின் தொடக்கம். அதிகார இலக்கங்கள் சுவிசேஷத்தை எழுதியவர்கள் இட்டவை அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்கள் கழித்து, வாசிக்க வசதியாக வேறு யாரோ போட்டவை. அந்தக் கோடு ஒரு விதவையின் கதையை இரண்டாகப் பிளந்துவிட்டது.

இயேசு அவளைப் புகழ்ந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அவளைக் கவனித்தார், சீடர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால், நீங்களும் உங்கள் சபை விதவைகளிடம் கடைசிக் காசை வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லையே! வேறொரு இடத்தில், மாற்கு 7இல், ‘கொர்பான்’ என்ற வழக்கத்தைக் கண்டிக்கின்றார். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கொடாமல் விடுவது அந்த வழக்கம். கடவுள் பெயரைச் சொல்லி வீட்டில் உள்ளவரைப் பட்டினி போடுவதை அவர் காணிக்கை என்று ஏற்றுக்கொள்ளவில்லை.

தசமபாகம் கட்டாயம் என்று போதிக்கும் சபைகள் எங்கள் பகுதியில் இப்போது அதிகம். எங்களுடையது அப்படியல்ல, சந்தாவும் காணிக்கையும்தான். ஆனால் மல்கியா 3ஆம் அதிகாரத்தில் தசமபாகத்தைக் கொண்டுவராதவர்கள் கடவுளை வஞ்சிக்கின்றார்கள் என்று வரும் பகுதியை எங்கள் பிரசங்கிகளும் வாசிப்பார்கள். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் முன்னால் யாருக்கு விரோதமாகக் கடவுள் சாட்சி சொல்ல வருகின்றார் என்று எழுதியிருக்கின்றது: கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையையும் அநாதையையும் ஒடுக்குபவர்கள். உபாகமம் 14ஐ வாசித்தால் தசமபாகம் எங்கே போக வேண்டும் என்றும் இருக்கின்றது. மூன்றாம் வருட முடிவில் அதை ஊருக்குள்ளேயே சேர்த்து வைக்க வேண்டும். காணி பங்கு இல்லாத லேவியனும், பரதேசியும், தகப்பனில்லாத பிள்ளையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அந்த ஒழுங்கின்படி பார்த்தால் இந்த அக்கா தசமபாகம் கொடுக்கின்ற ஆள் இல்லை. வாங்குகின்ற ஆள்.

இதை வாசிக்கும் சைவச் சகோதரிகள், இது வேதக்காரரின் வீட்டுச் சங்கதி என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். திருவிழா உபயத்துக்குப் பங்கு கொடுக்க கிழமைக் கடன் எடுத்த பெண்களையும் நான் வேலையில் சந்தித்திருக்கின்றேன். நுண்கடன் பெண்களை எப்படி நெரித்தது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. கடவுளுக்குக் கொடுப்பதற்காகக் கடன்காரனிடம் கைநீட்டுவது எந்தச் சமயத்திலும் நல்லதாக எனக்குப் படவில்லை.

பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை உறையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். இவ்வளவு வசனமும் தலைக்குள் இருந்ததால் மிகவும் தைரியமாகப் போனேன். “அக்கா, இதை நான் குடுக்கேல்லை. இந்த விதி பிழை. காசை வைச்சுக்கொள்ளுங்கோ, கோழி வாங்குங்கோ” என்றேன். அவர் மகிழ்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன்.

அவருக்குக் கோபம் வந்தது. “என்ர காணிக்கையை மறிக்க நீங்கள் ஆர் மிஸ்? பதினொரு நாள் வைச்சிருந்தனீங்கள், எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? எல்லாரும் எனக்குத் தாறது மட்டுந்தான் சரி. கோழியும் தருவியள், கூடும் தருவியள், படமும் எடுப்பியள். நான் குடுக்கிறது எண்டு ஒண்டு இருக்கக் கூடாதோ?”

அதற்கு என்னிடம் வசனம் இருக்கவில்லை. எங்கள் துறையில் ‘பயனாளி’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கின்றோம். பதினைந்து வருடங்களாகப் பயனாளியாகவே இருப்பது எப்படியிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. கொடுப்பதில் ஒரு தலைநிமிர்வு இருக்கின்றது. அந்த இரண்டு காசு விதவைக்கும் அது இருந்திருக்கும். அவளிடம் பிடுங்குவது பாவம். அவள் கையைத் தட்டிவிடுவதும் பாவம்தான் போலும். உறையை அவர் மடியில் வைத்துவிட்டு, பொருளாளர் அந்த ஞாயிறு கோயிலில் இருந்தார், நான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, தேத்தண்ணி குடியுங்கோ” என்றார்.

அன்று நெடுநேரம் இருந்தேன். கலியாணத்தைப் பற்றிக் கதை வந்தது. மகளைக் கோயிலுக்குள் கைப்பிடித்துக் கூட்டிவரத் தன் தம்பியைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். தான் பின்னால் நிற்கப் போவதாகவும் சொன்னார். ஏன் என்றதற்கு, “என்ர முகத்தில முழிச்சுப் பிள்ளை வெளிக்கிடக் கூடாது” என்றார். கணவர் இருக்கின்றார் என்று அரைச் சந்தாவை மறுத்தவர், மகளின் கலியாணத்தில் மட்டும் ஊர் சொல்லும் இடத்தில் போய் நிற்கத் தயாராக இருந்தார். இதில் முரண்பாடு இருக்கின்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அம்மாவும் இப்படித்தான். பொட்டு வைப்பார், கலியாண வீட்டில் தாலித் தட்டுக்குக் கிட்டப் போகமாட்டார். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் இல்லை என்று மேடையில் சொல்வது சுகம். கூறை எடுக்கப் போகும்போது யாரை வானில் ஏற்றுகின்றோம், யாரை ஏற்றுவதில்லை என்று பாருங்கள்.

நான் அவருக்கு அன்னாளைப் பற்றி மட்டும் சொன்னேன். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவருகின்றார்களே, அந்தச் சடங்கில் வந்து நின்று, கடவுளுக்கு நன்றி சொல்லி, இருந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியவள் ஒரு விதவை. ஏழு வருடமே கணவனோடு வாழ்ந்து பல காலம் தனித்திருந்த கிழவி. அவளை யாரும் பின்னால் நிற்கச் சொல்லவில்லை. அவள் முகத்தில் முழித்ததால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவுமில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முக்காட்டைப் பற்றியும் ஒரு வரி. எங்கள் கோயிலில் தலையை மூடாமல் வரும் இளம் பெண்களைப் பெரியவர்கள் வாசலில் வைத்தே ஏசுவார்கள். ஆதாரம் முதலாம் கொரிந்தியர் 11. அந்த அதிகாரத்தின் முதற்பாதி முக்காடு. பிற்பாதி, திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நிற்பதைக் கண்டித்துப் பவுல் எழுதியது. முதற்பாதிக்காக வாசலில் ஆள் நிற்கின்றது. பிற்பாதிக்காக யாரும் நிற்பதை நான் காணவில்லை.

அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் விடயத்தை வைத்தேன். மூன்று காரியம் கேட்டேன். பெயர் சொல்லித் தொகை வாசிப்பதை நிறுத்தி மொத்தத் தொகையை மாத்திரம் வாசிக்க வேண்டும். நிலுவைக்காகக் கடிதத்தை மறிக்கும் விதி நீங்க வேண்டும். பதிவேட்டிலுள்ள ‘விதவை’ என்ற கூட்டை எடுத்துவிட்டு, சிரமம் உள்ள எவரும் காரணம் எழுதாமல் குறைந்த சந்தா கட்டலாம் என்று ஆக்க வேண்டும். பொருளாளருக்கு விருப்பமில்லை. அவர் கெட்ட மனிதரல்ல. 2022க்குப் பிறகு மின்சாரக் கட்டணம் ஏறிய ஏற்றத்தையும், போதகரின் சம்பளத்தையும், கூரைக் கடனையும் பற்றி அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. “பெயர் வாசிக்காட்டில் ஆரும் கட்டமாட்டினம் பிள்ளை, இது நான் முப்பது வருசமாய்ப் பார்த்தது” என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். வெட்கத்துக்குப் பயந்து கட்டுகின்ற காசை என்ன பெயரால் அழைப்பது என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அப்போது போதகர்தான் அப்போஸ்தலர் 6ஐ எடுத்தார். எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பங்கிடும்போது கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. “ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்களின்ர கையிலதான் பந்தியைக் குடுத்திருக்கினம் போல” என்றார் போதகர். பத்து வருடமாக அவருடைய பிரசங்கத்தைக் கேட்கின்றேன். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

முடிவு அரைகுறைதான். பெயர் வாசிப்பது நின்றுவிட்டது. நிலுவை விதியையும், கணவரைக் காணாத பெண்கள் இருவரைக் குழுவில் சேர்ப்பதையும் பொதுக்கூட்டத்துக்கு விட்டிருக்கின்றார்கள். அதுவரை கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகவும் அதற்குத் தான் பொறுப்பு என்றும் போதகர் சொன்னார். பதிவேட்டுக் கூட்டைப் பற்றிப் பொருளாளர் சொன்ன பதில்: “அந்தப் புத்தகத்தில இன்னும் நாற்பது பக்கம் கிடக்கு. அது முடியட்டும், புதுசு அடிக்கேக்க பார்ப்பம்.”

அக்கா நாலாயிரத்தை எடுத்து வளர்ந்த குஞ்சுகள் ஐந்து வாங்கினார். மிச்சம் ஆயிரத்தை உறையில் பெயர் எழுதாமல் தானே வந்து காணிக்கைத் தட்டில் போட்டார். எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நிறுவனத்துப் படிவத்தில் ‘விற்கப்பட்டது 6’ என்றும், குறிப்பில் ‘ஐந்து குஞ்சுகள் திரும்ப வாங்கப்பட்டுள்ளன’ என்றும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். காரணம் என்ன என்று மேலதிகாரி கேட்டார். சொன்னேன். இரண்டாம் கட்டப் பட்டியல் இன்னும் வரவில்லை.

சென்ற கிழமை அக்கா கலியாணக் காட் கொண்டுவந்தார். அச்சகத்தில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போடவா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றாராம். திரு., திருமதி என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சபையில் இரண்டொருவர் அதைப் பற்றிக் கதைப்பதும் என் காதில் விழுந்தது. அம்மா அந்தக் காட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அலுமாரிக் கண்ணாடி இடுக்கில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

பொதுக்கூட்டம் கலியாணத்துக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்தவுடன். வருவீர்களா என்று அக்காவைக் கேட்டேன். வருவாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்கு முட்டை கொடுக்கிற நாளாம். அதனால் கொஞ்சம் பிந்துமாம், தொடங்கிவிட வேண்டாம் என்றார்.